கழற்றிப் பூட்டிய கூரைகள்

வன்னியின் தச்சுக் குடும்பங்களும் அவர்கள் கைவேலையும்

2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போன உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல்மூட்டை, சட்டிபானை, சைக்கிள், கோழிக்கூடு எல்லாவற்றோடும் வீட்டுக் கூரையும் போனது. ஓடுகளை அடுக்கி, றீப்பைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, சிலாகைகளையும் தீராந்திகளையும் நீட்டுக்குக் கிடத்தி, அதன்மேல் நிலையோடு கழற்றிய கதவையும் யன்னலையும் ஏற்றிக்கொண்டு சனம் போனது. தர்மபுரத்தில் இறக்கிக் கொட்டில் போட்டவர்கள் சில கிழமைகளில் விசுவமடுவுக்கும், அங்கிருந்து உடையார்கட்டுக்கும் அதே மரங்களைத் திரும்ப ஏற்றினார்கள். 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சிக்குள் வந்தபோது எடுக்கப்பட்ட படங்களில் ஊரெங்கும் சுவர்கள் நிற்கின்றன, கூரைகளைக் காணவில்லை. செல்லிலும் குண்டிலும் போனவை உண்டு. சொந்தக்காரரே கழற்றிக்கொண்டு போனவையும் ஏராளம்.

ஒரு கூரையைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. ஓடு இறங்க வேண்டும், பிறகு ஓட்டைத் தாங்கும் றீப்பை, பிறகு றீப்பையைத் தாங்கும் சிலாகை; உச்சியில் கிடக்கும் முகட்டுவளை கடைசியில்தான் இறங்கும். எந்தச் சிலாகை எந்த வெட்டுவாயில் குந்தியிருந்தது என்று கரிக்கட்டியால் அடையாளம் போடாவிட்டால் இன்னொரு இடத்தில் பூட்டும்போது ஒன்றும் பொருந்தாது. ஆணியை இழுத்துப் பிடுங்கினால் நுனி பிளந்துவிடும். கை பழகிய ஒருவர் வேண்டும். அவரைத்தான் வன்னியில் ஓடாவி என்பார்கள், மரியாதைக்கு ஆசாரியார் என்பார்கள். அந்த மாதங்களில் ஓடாவிமார் தங்கள் வீட்டுக் கூரையைக் கழற்ற முதல் அயலவரின் கூரைகளைக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

போரைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. வன்னி மக்களைத் திரும்பத் திரும்பக் கூரைக்குக் கீழே இருத்திய இந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அந்தக் கடனில் ஒரு சிறு பங்கை அடைக்கவே இந்தக் கட்டுரை.

பட்டறை என்பது வீட்டு முற்றம்தான்

முள்ளியவளை, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, மாங்குளம், நெடுங்கேணி, வவுனியா நகரத்து ஓரங்கள் எங்கும் இவர்களின் பட்டறைகள் உண்டு. வெளியே 'மரவேலைத்தளம்' என்றோ 'தளபாட நிலையம்' என்றோ பெயர்ப்பலகை தொங்கும். உள்ளே பார்த்தால் அது ஒரு குடும்பத்தின் முற்றம். நாலு கப்பு நட்டு, தகரம் போட்ட கொட்டில். தகப்பன் மரத்தில் கோடு போடுவார். அண்ணனும் தம்பியும் வாளும் சீவுளியும் பிடிப்பார்கள். மருமகன் உழவு இயந்திரம் ஓட்டுவான், மரம் ஏற்றி இறக்குவான். கணக்கும் கடனும் வீட்டுக்காரியின் கொப்பியில். சாண்ட்பேப்பர் தேய்ப்பதும் வார்னிஷ் பூசுவதும் பெண்களின் கையால் போகிற வேலை என்பதை வெளியே யாரும் சொல்வதில்லை. கொந்தராத்து பேசும்போது அந்த உழைப்பு விலையில் சேர்வதும் இல்லை.

விஸ்வகர்மக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதில் இருக்கின்றன. ஆனால் வன்னியின் தச்சு ஒரு சாதிக்குள் அடங்கியதாக இருக்கவில்லை. இரணைமடுவை நம்பி யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேறியவர்கள், 1958இலும் 1977இலும் 1983இலும் அடிபட்டு வந்த மலையக மக்கள், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கிளாலி தாண்டி வந்தவர்கள் எனக் கைகள் பல திசைகளில் இருந்து சேர்ந்தன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் கணக்குத் தெரிந்தவரும், தோட்டத்து லயத்தில் தகரக் கூரை போட்டுப் பழகியவரும், காட்டு மரத்தின் குணம் தெரிந்த வன்னிக்காரரும் ஒரே கூரையில் ஏறி வேலை செய்தார்கள். இன்று வன்னியில் 'எங்கட வேலை' என்று சொல்லப்படுவது அந்தக் கலப்பில் பிறந்தது.

மரத்தை அறிந்தவர்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் நிலத்தில் பாதிக்கு மேல் காடு. அந்தக் காட்டில் தலைமரம் பாலை. ஆனி, ஆடியில் பழம் தின்னத் தேடிப்போகும் அதே பாலைதான். தண்ணீரில் போட்டால் தாழும் கனம். ஆணி இறங்காது, துளைத்துவிட்டுத்தான் அறைய வேண்டும். கப்புக்கும் வளைக்கும் அதற்கு நிகர் இல்லை. முதிரை மஞ்சள் மினுக்கம் உள்ள மரம், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் கதவுக்கும் போகும். ஆங்கிலேயர் காலத்தில் கப்பல் ஏறிய மரமும் அதுதான். நிலைக்கும் யன்னலுக்கும் யாவறணை. கோடரிப்பிடிக்கும் மண்வெட்டிப்பிடிக்கும் விண்ணாங்கு. வண்டிக்கும் வள்ளத்துக்கும் சமண்டலை. திருகோணமலைத் துறையால் சென்னைக்குப் போய், அங்கத்தைய மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டது இந்த மரம். வேம்பைக் கறையான் அண்டாது என்பதால் ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் அது பொது.

இவற்றுக்கெல்லாம் வைரம் உள்ளே இருக்கும், பனைக்கு வெளியே. உள்ளே வைரம் கொண்டதை மரம் என்றும் வெளியே வைரம் கொண்டதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரித்து வைத்தது, தச்சன் கண்ணால் பார்த்து வகுத்தது போலவே இருக்கிறது. பனந்துண்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஓரத்தில் கறுப்பு நார்கள் நெருக்கமாக, கம்பி கம்பியாக ஓடும். நடுவில் வெளிறிய சோற்றி. வீட்டுக்கு உதவுவது அந்த ஓரம் மட்டுமே. அடியில் அது தடிப்பு, மேலே போகப் போக மெலிவு. தலைப்பக்கம் கூரைக்கு ஆகாது, வேலிக்கோ விறகுக்கோ போகும். அரை நூற்றாண்டு தாண்டாத பனையில் கை வைக்க நல்ல ஓடாவி மனம் வைக்கமாட்டார்.

முன்பு துண்டத்தை நீட்டுவாக்கில் ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். ஆப்பு இறங்கும்போது நார் போன வழியே பிளவும் போகும். அதனால் சிலாகையின் ஒரு நுனியில் இருந்து மறு நுனிவரை நார் அறாமல் இருக்கும். பிறகு வாய்ச்சியால் சோற்றியைச் செதுக்கித் தள்ளி, வைரப்பக்கம் மிஞ்சும்வரை இழைப்பார்கள். இன்று மரம் அரியும் ஆலையில் வாள் நேராகப் போகிறது, நார் வளைந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. வேலை சுருக்கமாக முடிகிறது, சிலாகை பார்க்க அழகாகவும் இருக்கிறது. பாரம் தாங்குவதில் பிளந்த சிலாகைக்கு அது ஈடில்லை என்பது பழையவர்களின் முடிவு. நாரின் போக்கைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது.

மரம் வெட்டுவதற்கும் முறை உண்டு. தேய்பிறையில் வெட்டு, வளர்பிறையில் வெட்டினால் உளுக்கும் என்பார்கள். வெட்டிய பனந்துண்டத்தை உப்புத் தண்ணீரிலோ குளத்துச் சேற்றிலோ தாட்டு வைப்பார்கள். மரத்தில் உள்ள மாச்சத்து ஊறிக் கழிந்தால் வண்டுக்குத் தின்ன ஒன்றும் இராது. இந்த அறிவு இவர்களுக்குப் பாடநூலில் இருந்து வந்ததில்லை. தகப்பன் சொல்லி மகன் கேட்டு வந்தது.

ஒரு நூல் பிசகினால்

ஓட்டுக்கூரை போடும்போது ஓடாவி முதலில் எடுப்பது அடிமட்டத்தை இல்லை, வந்து இறங்கிய ஓட்டில் இரண்டை. ஒன்றன்மேல் ஒன்று கொளுவ வைத்து, ஒரு கொளுவிக்கும் மற்றதற்கும் உள்ள தூரத்துக்கு ஒரு துண்டுக் கட்டையை வெட்டிக்கொள்வார். அதுதான் அந்த வீட்டின் அளவுக்கட்டை. ஓடு ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒரு வரிசை போகும். ஆனால் சூளைக்குச் சூளை, சில வேளை சூட்டுக்குச் சூடு, அளவு மாறும். போன வீட்டுக் கட்டை இந்த வீட்டுக்கு உதவாது. ஒரு வரிசைக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பிசகினால் பதினாறு வரிசை ஏறும்போது இரண்டு அங்குலம் பிசகும். முகட்டில் அந்த இரண்டு அங்குலம் வாயைத் திறந்து நிற்கும். மார்கழி மழை அதற்குள்ளால் வீட்டுக்குள் வரும்.

சிலாகை சுவர்வளையில் குந்தும் இடத்தில் ஒரு வாய் வெட்ட வேண்டும். வாய் ஆழம் கூடினால் சிலாகை அந்த இடத்தில் முறியும், குறைந்தால் வழுக்கும். முகட்டுவளைத் துண்டுகள் இரண்டு சந்திக்கும் பொருத்தில் ஒன்றில் கழுந்தும் மற்றதில் துளையும் வெட்டி, குறுக்கே மர ஆணி இறுக்குவது பழைய வேலை. இரும்பாணி துருப்பிடித்து மரத்தையும் சேர்த்துத் தின்னும். மர ஆணி மழைக்கு ஊதி இறுகும், வெயிலுக்குத் தளரும், வளையோடு வளையாக மூச்சு விடும். தேவைப்பட்டால் தட்டிக் கழற்றவும் வரும். வன்னிக்கு அந்தத் தேவை எத்தனை முறை வந்தது!

கண்டிக்குப் பக்கத்தில் எம்பெக்க தேவாலயத்தில் 26 கைமரங்களை ஒரேயொரு பெரிய மரமுளை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. கம்பளை இராசதானிக் காலத்து வேலை, 14ஆம் நூற்றாண்டு. வல்வெட்டித்துறையில் வேம்பிலும் இலுப்பையிலும் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. மரத்தோடு மரம் பொருத்தும் கணக்கு இந்தத் தீவின் இரு மொழிக்காரருக்கும் பழைய சொத்து. எம்பெக்கவைப் பார்க்க நாங்கள் பஸ் பிடித்துப் போகிறோம். அதே கணக்கில் நிற்கும் ஒட்டுசுட்டான் வீட்டு முகட்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

தடை, தகரம், திட்டம்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் சீமெந்தும் இரும்புக் கம்பியும் வன்னிக்கு வராமல் நின்றன. வீடு கட்ட மண், கிடுகு, மரம் மூன்றும்தான் மிச்சம். மேசன்மாருக்கு வேலை குறைந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் ஓடாவிமாருக்கு ஓய்வே இல்லை. வீடுகளுக்கு மட்டும் இல்லை, மரநிழல் பள்ளிக்கூடங்களுக்கு வாங்கு மேசை, ஆஸ்பத்திரிக்குக் கட்டில், காலை இழந்தவர்களுக்கு ஊன்றுகோல் எல்லாம் இந்தக் கொட்டில்களில் இருந்து போனவை. பதுங்குகுழிக்கு மேல் மூடிய பனங்குற்றிகளும் அப்படித்தான். எத்தனை தலைமுறைக்குச் சிலாகையாக நின்றிருக்க வேண்டிய பனைகள் இரு தரப்பின் காப்பரண்களிலும் மண்ணுக்குள் போயின என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. 2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்த பிறகுதான் ஓடும் சீமெந்தும் தாராளமாக வந்தன. அந்த ஆண்டுகளில் ஆசையாகப் போட்ட கூரைகள்தான் 2008இல் உழவு இயந்திரத்தில் ஏறியவை.

அந்தக் கூரை மரங்களில் பெரும்பாலானவை, போர் முடிந்த முள்ளிவாய்க்காலைத் தாண்டவில்லை. மரம் போனது போலவே உளியும் வாளும் போயின. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து 2009இன் கடைசி மாதங்கள் முதல் ஊர் திரும்பியவர்களுக்கு ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் கொடுத்த 25,000 ரூபா உதவித்தொகையும் தகரங்களும்தான் முதல் கூரை. காட்டுக் கம்பில் தகரம் அடித்த கொட்டில்களில் பல குடும்பங்கள் மூன்று நாலு மாரியைக் கழித்தன.

பிறகு இந்திய வீட்டுத்திட்டம். வடக்கு கிழக்கில் 45,000 வீடுகளுக்கான பெருங்கட்டம் 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கியது. வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா. பணம் கட்டம் கட்டமாகப் பயனாளியின் கணக்குக்கு வரும். மேசனையும் ஓடாவியையும் அவரே பிடித்துக் கட்ட வேண்டும். இந்த முறையின் பெருமையை மனதாரச் சொல்ல வேண்டும், காசு ஊருக்குள்ளேயே சுற்றியது. முகாமில் இருந்து வெறுங்கையோடு வந்த தச்சுக் குடும்பங்கள் திரும்பத் தச்சு ஆயுதங்கள் வாங்கியது இந்த வேலையால்தான். ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் கூரை மட்டத்துக்கு வந்தால் அத்தனைக்கும் மரத்துக்கு எங்கே போவது? காய வைக்க நேரம் இல்லை. ஈரமரம் ஏறியது. ஓராண்டு வெயிலில் அது முறுக்கி வளைந்து ஓட்டை உயர்த்தியது. இன்று அந்த வீடுகளில் ஒழுக்கு என்றால் ஓடாவியைத்தான் திட்டுகிறார்கள். அத்திவாரம் வெட்டும் நாளிலேயே கூரை மரத்தை வாங்கி நிழலில் அடுக்கவென்று முதற்கட்டப் பணத்தில் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திராது. சீமெந்துப் பையை எண்ணிக் கணக்கிட்ட திட்டத்தில் மரம் காயும் காலத்துக்கு இடம் இருக்கவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து 2016இல் வந்தது. ஆர்சிலர் மித்தல் நிறுவனத்தின் 65,000 இரும்பு வீடுகளை வடக்கு கிழக்கில் பொருத்தப் போவதாக அரசாங்கம் சொன்னது. வீடு ஒன்று ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் மாதிரி வீட்டை ஆராய்ந்து குறை சொன்னார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரனும் சிவில் சமூகத்தினரும் எதிர்த்தார்கள். சூடு, துரு, விலை, ஆயுள் என்று காரணங்கள் பல. அவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது, பெட்டியில் வரும் அந்த வீட்டில் வன்னி மேசனுக்கும் ஓடாவிக்கும் ஒரு நாள் கூலிகூட இருந்திராது என்பது. திட்டம் கைவிடப்பட்டது. நல்லதே நடந்தது.

இரும்பு வாசலால் வந்தது

ஆனால் திட்டத்தில் வராத இரும்பு சந்தையில் வந்துவிட்டது. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் நிறத் தகரம் போட்ட கூரை, அலுமினியம் யன்னல், பிளாஸ்டிக் கதவு. வெல்டிங் செய்யத் தெரிந்த இரண்டு பெடியள் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். காசு குறைவு, கறையான் பயம் இல்லை. வீடு கட்டுகிறவரைக் குற்றம் சொல்ல முடியாது. வைகாசி வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே மத்தியானம் படுத்துப் பார்த்தவர்களுக்கு மீதிக் கணக்குத் தெரியும்.

மரத்தின் பக்கம் நின்றால் தடைகள் ஒன்றிரண்டு இல்லை. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காட்டில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. சொந்தக் காணியில் நிற்கும் மரத்தை வெட்டி ஏற்றவும் கிராம அலுவலர், பிரதேச செயலகம், வனவளத் திணைக்களம் என்று பெர்மிட்டுக்கு ஏறி இறங்க வேண்டும். காடு மிஞ்ச வேண்டுமென்றால் அனுமதி முறை வேண்டும்தான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் இரவோடு இரவாக முதிரையும் பாலையும் லொறியில் போகிற செய்தி ஓயாமல் வருகிறது. பகலில் கடதாசியோடு வரிசையில் நிற்கும் ஓடாவி இரண்டு வாசல் நிலைக்கு மரமில்லாமல் திரும்புகிறார். கள்ள மரம் மலிவு என்பதால் நேர்மையான பட்டறையின் விலை எப்போதும் கூடவாகவே தெரியும்.

கிடைத்த மரத்திலும் போர் இருக்கிறது. புதுக்குடியிருப்புப் பக்கத்து மரங்களை அரியும்போது செல் துண்டில் பட்டு வாளின் பல் பறக்கும். பட்டை மூடி வளர்ந்திருப்பதால் வெளியே தெரியாது. அதனால் துண்டத்தில் கருநீலக் கறை எங்கே ஓடுகிறது என்று முதலில் தேடுவார்கள், இரும்பு கிடந்தால் மரம் அப்படிக் கறுக்கும். முதலாம் உலகப் போர் முடிந்து நூறாண்டு கழிந்தும் பிரான்ஸின் வெர்டன் பகுதி மரங்களை வாங்க அரிமர ஆலைகள் தயங்குவது இதே காரணத்தால்தான். வன்னிக்கும் அவ்வளவு காலம் எடுக்கலாம்.

பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்களா என்ற கேள்விக்கு மனதுக்கு உகந்த பதில் இல்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கடவுச்சீட்டு எடுத்தவர்களில் சீவுளி பிடிக்கத் தெரிந்தவர்களும் உண்டு. வெளிநாட்டில் தச்சு வேலைக்கு நல்ல சம்பளம் இருக்கிறது, ஆனால் சான்றிதழ் கேட்கிறார்கள். நாற்பது ஆண்டு கூரை போட்டவரிடம் ஒரு கடதாசியும் இராது. தேசிய தொழிற்தகைமை முறையில், வகுப்பில் இருந்து படிக்காதவர்களும் தங்கள் கைத்திறனைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் திறக்கப்பட்டது. முள்ளியவளை ஓடாவியை அங்கே கூப்பிட்டு, பனந்துண்டத்தில் நார் பார்த்துப் பிளப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு இரண்டு நாள் செய்து காட்டச் சொன்னால் என்ன? அந்த நாட்களுக்கு அவருக்கு விரிவுரையாளரின் சம்பளம் கொடுங்கள். ஜப்பானில் கொங்கோ குமி என்ற கோவில் தச்சுக் குடும்பம் 578ஆம் ஆண்டில் தொடங்கி 2006இல் வேறொரு நிறுவனத்தோடு சேரும்வரை ஒரே தொழிலை நடத்தியது. அதற்கு அந்தக் குடும்பத்தின் திறமை மட்டும் காரணம் இல்லை, கோவில்கள் விடாமல் வேலை கொடுத்தன.

வன்னியிலும் அந்த வேலை இருக்கிறது. கோவில்களுக்குத் தேரும் வாகனமும் கொட்டகையும் வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கு மேசையும் வாங்கும் வேண்டும். இவற்றை மொத்தமாகக் கொழும்பில் கேள்விப்பத்திரம் போட்டு வாங்காமல் அந்தந்தப் பிரதேசத்துப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்க மாகாண சபை நிர்வாகமும் பிரதேச சபைகளும் தீர்மானிக்கலாம். அரச மரக்கூட்டுத்தாபனத்தின் தேக்கில் ஒரு பங்கைச் சிறு பட்டறைகளுக்குக் கட்டுப்படியான விலையில் ஒதுக்கலாம். வெட்டும் ஒவ்வொரு பனைக்கும் பத்து வடலி என்று நட வைக்கலாம்.

வெளிநாட்டில் இருந்து ஊரில் வீடு கட்டக் காசு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசனைப் பிடிக்கும் அன்றே ஓடாவியையும் கூப்பிடுங்கள். வரைபடத்தை அவருக்குக் காட்டுங்கள். கூரை மரத்துக்கு உரிய காசை அத்திவாரத்துக்கு முதல் கொடுங்கள். ஆறு மாதம் நிழலில் காய்ந்த மரத்தில் அவர் போடும் கூரை உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.